ஹால் பீமும் ஒரு பழைய லென்ஸும்

அக்டோபர் 6, திங்கள்

காலையில் ஹாலைப் படம் எடுத்தேன். நித்யகலா கேட்டிருந்தாள். "அப்பா, ஹால் முழுசும் தெரியிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க. அம்மா பாத்துத் திருப்தியானா அனுப்பி வைக்கிறேன்" என்றாள். அனுப்பி வைப்பதாகச் சொன்னது பார்சலை அல்ல, என் மனைவி வள்ளிநாயகியை. மகளின் பிரசவத்துக்காக மாசி மாதம் புனே போனவள். மூன்று மாதத்தில் திரும்புவதாகப் பேச்சு. பேத்தி இப்போது குப்புற விழுந்து தவழப் பார்க்கிறாளாம்.

வள்ளி வராததற்குக் காரணம் பேத்தி மட்டுமல்ல. ஹால் பீம். நித்யாவின் நிச்சயதார்த்தத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று, ஹாலுக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டு மேலே ஒரு பீம் கொடுத்தோம். ஹால் பெரிதானது, வந்தவர்கள் எல்லோரும் உட்கார முடிந்தது. ஒரு வருஷத்துக்கெல்லாம் பீம் நடுவில் தொங்கிவிட்டது என்பது வள்ளியின் கட்சி. தொங்கவில்லை என்பது என் கட்சி. அவள் கட்டில் அதற்கு நேர் கீழே. "அதுக்குக் கீழ படுத்தா எனக்குத் தூக்கம் வரல" என்று பல தடவை சொல்லியிருக்கிறாள். ஃபேன் அங்கேதான் இருக்கிறது, நான் என்ன செய்ய?

ஓய்வு பெற்றதும் வாங்கிய கேமரா. அதற்கு மதுரையில் பழையதாகக் கிடைத்த அகல லென்ஸ். அதில்தான் மொத்த ஹாலும் ஒரே படத்தில் அடங்கும். எடுத்தேன், அனுப்பினேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

வள்ளி பேசினாள்.

"என்னங்க இது, நம்ம வீடா சுரைக்காயா?"

"ஏன், என்ன?"

"ரெண்டு பக்கமும் கதவு நெலயெல்லாம் வயிறு தள்ளிக்கிட்டு நிக்கிது. எட்டு மாசத்துல வீட்டுக்கு இப்படித் தொப்ப போட்டிருச்சு. உங்களுக்குப் போடலையே?"

"அது லென்ஸ் பண்ற வேல. அகல லென்ஸ் எல்லாம் ஓரத்த வளைக்கும். நீ பீமைப் பாரு. ஸ்கேல் வச்ச மாதிரி நேரா இல்ல?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறாள் போலிருக்கிறது.

"கதவ வளைக்கிற லென்ஸு பீமை மட்டும் விட்டுருமாக்கும்" என்றாள்.

பின்னால் குழந்தை அழுதது. வைத்துவிட்டாள்.

அக்டோபர் 9, வியாழன்

அவள் கேட்டது நியாயமான கேள்வி. வகுப்பில் ஒரு மாணவி கேட்டிருந்தால் எழுந்து நிற்க வைத்துக் கைதட்டச் சொல்லியிருப்பேன்.

வளைவு எப்படி வருகிறது என்பதற்கு நான் சொல்லும் உதாரணம் பலூன். பாதி ஊதிய பலூனில் பேனாவால் ஒரு சதுரம் வரையுங்கள். இன்னும் ஊதுங்கள். சதுரத்தின் நான்கு பக்கமும் வெளியே பிதுங்கும். கோடு வரைந்த கை சரியாகத்தான் வரைந்தது, பரப்புதான் உப்பியது. அகல லென்ஸும் அதையே செய்கிறது. படத்தின் மையத்தை விட்டு விலக விலகப் பிதுக்கம் கூடும்.

இதற்கு மருந்து உண்டு. படத்தைத் திருத்தும் மென்பொருளில் லென்ஸ் ப்ரொஃபைல் என்று ஒன்று இருக்கிறது. கண் டாக்டர் எழுதித் தரும் கண்ணாடிச் சீட்டு மாதிரி. இந்த லென்ஸுக்கு இந்தக் குறை, இவ்வளவு திருத்து என்று அதில் இருக்கும். லென்ஸின் பெயரைப் பட்டியலில் தேடிச் சொடுக்கினால் படம் சட்டென்று நிமிர்ந்துவிடும். ஆயிரக்கணக்கான லென்ஸ்கள் பட்டியலில் இருக்கின்றன. என்னுடையது இல்லை. பழைய லென்ஸ், தன் பெயரைக் கேமராவுக்குச் சொல்லவும் அதற்குத் தெரியாது. பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் நிற்கிறது.

மதியம் சாதம் வைத்தேன். தயிர் புளித்துவிட்டது.

அக்டோபர் 12, ஞாயிறு

பட்டியலில் என் லென்ஸுக்கு உறவுக்காரன் மாதிரி ஒருவன் இருக்கிறான். அதே கம்பெனி, அதே அகலம், கொஞ்சம் புதிய மாடல். அவன் ப்ரொஃபைலைப் போட்டுப் பார்த்தேன். கதவு நிலைகள் அழகாக நிமிர்ந்தன. தரை ஓரமும் நேரானது. ஆனால் பீம் நடுவில் கீழே இறங்கிவிட்டது.

அடுத்தவர் கண்ணாடியைப் போட்டால் இப்படித்தான். எழுத்து தெரியும், படிக்கட்டு தெரியாது. என் லென்ஸுக்கு என் லென்ஸின் ப்ரொஃபைல்தான் வேண்டும். இல்லாவிட்டால் நானே செய்துகொள்ள வேண்டியதுதான். செய்யும் முறையை இணையத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். படித்துக்கொண்டிருக்கிறேன். பொழுது நன்றாகப் போகிறது.

அக்டோபர் 15, புதன்

முறை எளிது. நீளமான நேர்கோடு உள்ள ஏதாவது ஒன்றைப் படம் எடுக்க வேண்டும். படத்தில் அந்தக் கோட்டின் மேல் வரிசையாகப் புள்ளிகள் வைக்க வேண்டும். 'இது நிஜத்தில் நேரானது' என்று மென்பொருளிடம் சொல்ல வேண்டும். அதை நேராக்க எவ்வளவு திருத்தம் வேண்டும் என்று அது கணக்குப் போட்டு மூன்று எண்களைத் தரும். ஒரு லென்ஸின் வளைவுக் குறை முழுவதும் மூன்று எண்களில் அடங்கிவிடுகிறது. மனிதர்களுக்கு அப்படி வசதி இல்லை.

மென்பொருள் நம்மிடம் திருப்பிக் கேட்காது. நாம் நேர் என்றால் அதற்கும் நேர்.

வீட்டில் இருப்பதிலேயே நீளமான கோடு பீம்தான். அதன் கீழ் விளிம்பில் புள்ளி வைத்தேன். கணக்கு வந்தது. லென்ஸுக்குக் குறையே இல்லை என்கிறது! கதவுகள் பழையபடி தொப்பையோடு நிற்கின்றன. பீமை விட்டுவிட்டுக் கதவு நிலைகளில் மட்டும் புள்ளி வைத்தேன். கதவுகள் நிமிர்ந்தன, பீம் இறங்கியது. இரண்டிலும் வைத்தேன். இரண்டும் கோணல்.

ஒரு லென்ஸின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். குளத்தில் கல் போட்டால் அலை ஒரு பக்கம் வட்டமாகவும் இன்னொரு பக்கம் சப்பையாகவும் போகாது. அப்படியானால் இந்த லென்ஸ் எப்போதோ கீழே விழுந்து உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. பழைய பொருள்தானே.

இதே லென்ஸ் வேறு யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டு, பட்டியல் நடத்துபவர்களின் பொது அரட்டைப் பக்கத்தில் எழுதிப் போட்டேன். கீழே ஊரும் பெயரும் போட்டேன். தர்மலிங்கம், திண்டுக்கல்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எதிர்வீட்டில் முறுக்கு கொடுத்தார்கள். வீடியோவில் குழந்தைக்குப் பட்டுப் பாவாடை காட்டினார்கள்.

அக்டோபர் 23, வியாழன்

பதில் வந்திருக்கிறது, அதுவும் தமிழில்! வவுனியாவில் மருந்துக்கடை வைத்திருக்கும் குலசிங்கம் என்பவர். அப்படியே எழுதி வைக்கிறேன்:

"வணக்கம் ஐயா. உலகத்திலே இந்த லென்ஸ் என்னிடம் மட்டும்தான் இருக்குதெண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். நான் ஸ்டேசன்களைப் படம் எடுக்கிற பைத்தியம். தண்டவாளம் வளைஞ்சால் சனம் சிரிக்கும், ஆனபடியால் எண்களை நானே கணிச்சு வச்சிருக்கிறன். கீழே தாறன். உங்கட லென்ஸுக்கும் அண்ணளவாய்ப் பொருந்தவேணும். பொருந்தாட்டில் சொல்லுங்கோ, சண்டை பிடிப்பம்."

இரண்டு முறை படித்தேன். சண்டை பிடிக்க ஓர் ஆள் கிடைத்தால் நல்லதுதான்.

அக்டோபர் 24, வெள்ளி

குலசிங்கத்தின் எண்களைப் போட்டேன். கதவுகள் நேர். தரை நேர். பீம் தொங்குகிறது.

என் லென்ஸ் விழுந்த லென்ஸ் என்பது உறுதியாகிறது என்று அவருக்கு எழுதினேன். உடனே பதில்: "விழுந்ததெண்டால் எல்லாப் படத்திலும் பிழை வரும் ஐயா. வீட்டுக்குள்ளே நிண்டு பாக்காதேங்கோ. வெளியிலே போய் நல்ல நீளமான கட்டடம் ஒண்டை எடுங்கோ. தூர நிண்டு எடுங்கோ. பிறகு கதைப்பம்."

நவம்பர் 3, திங்கள்

நாலைந்து நாளாக மழை. இன்று வெயில் அடித்தது. பைபாஸ் பக்கம் ஒரு நூல் மில் இருக்கிறது. அதன் கூரை விளிம்பு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நறுக்கென்று ஓடும். எதிரே சாலையோரம் முக்காலியை நிறுத்தினேன். வாட்ச்மேன் வந்துவிட்டார்.

"யாருங்கய்யா நீங்க? மில்ல எதுக்குப் போட்டோ எடுக்கறீங்க?"

"மில்லு வேண்டாங்க. அந்த நேர்கோடு மட்டும் வேணும்."

அவர் திரும்பிக் கூரையைப் பார்த்தார். பிறகு என்னை.

"இங்க நூலுதான் சார் தருவாங்க. கோடெல்லாம் தர்றதில்ல."

"நான் ரிட்டயர்டு வாத்தியார். லென்ஸ டெஸ்ட் பண்றேன்."

"அப்ப சரி. வாத்தியாருன்னா ஏதாவது டெஸ்ட் பண்ணிக்கிட்டுத்தான இருக்கணும்" என்று சொல்லி, சாலையில் லாரி வந்தால் குரல் கொடுத்தார். கோடு படத்தின் மேல் ஓரத்தில் வரும்படி ஒன்று, கீழ் ஓரத்தில் வரும்படி ஒன்று, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி இரண்டு. மையத்துக்குப் பக்கத்தில் கோடு வைத்தால் பயனில்லை, அங்கே எந்த லென்ஸும் யோக்கியன். ஓரத்தில்தான் அதன் குணம் தெரியும்.

வாட்ச்மேன் டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டில் யார் யார் என்று கேட்டார். "எல்லாரும் இருக்காங்க" என்றேன்.

நவம்பர் 4, செவ்வாய்

இன்று முழுவதும் புள்ளி வைத்தேன். அவசரப்பட்டால் கெட்டுவிடும் வேலை. அரிசியில் கல் பொறுக்குவது மாதிரி.

மூன்று எண்களும் வந்தன. குலசிங்கத்தின் எண்களும் இவையும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தசமப் புள்ளிக்கு அப்புறம் தள்ளித்தான் வித்தியாசம். அவற்றைக் கோப்பில் எழுதி, லென்ஸுக்குப் பெயர் கொடுத்து, மென்பொருளின் பட்டியலில் சேர்த்தேன். கேமரா பெயருக்குக் கீழே சின்னக் கோடு நின்ற இடத்தில் இப்போது லென்ஸின் பெயர் நிற்கிறது.

பழைய படங்களில் எல்லாம் போட்டுப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக் கூரை நேர். ரயில்வே மேம்பாலம் நேர். மலைக்கோட்டையின் அடிவாரத்துக் காம்பவுண்டுச் சுவர் நேர். லென்ஸ் விழவில்லை, ஒன்றுமில்லை. சுத்தமான லென்ஸ்.

ஹால் படத்தில் இன்னும் போடவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது. கணக்கு முடித்து அனுப்புவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

நவம்பர் 6, வியாழன்

ப்ரொஃபைலைப் பொதுப் பட்டியலுக்கு அனுப்பினேன். சேர்த்துக்கொள்வதாக எழுதினார்கள். இனி எந்த ஊரில் யார் இந்த லென்ஸை வாங்கினாலும் பட்டியலில் பெயர் இருக்கும். கதவுகள் தொப்பை போடாது. குலசிங்கம் கைதட்டுகிற பொம்மையை வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அனுப்பியிருக்கிறார்.

"பிறகு வீட்டுப் படம் என்னமாதிரி வந்தது?" என்றும் கேட்டிருக்கிறார்.

மின்விசிறிகளைத் துடைத்தேன். வாழைக்குப் பாத்தி கட்டினேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஹால் படத்தில் போட்டுப் பார்த்தேன்.

நவம்பர் 10, திங்கள்

ஈ.பி. பில் கட்டினேன். திரும்பும் வழியில் சப்போட்டா நன்றாக இருந்தது, வாங்கவில்லை. ஒருவனுக்கு அது அதிகம்.

நவம்பர் 12, புதன்

நித்யா பேசினாள். "என்னப்பா, போட்டோ திருத்துறேன் திருத்துறேன்னு ஒரு மாசமா சொல்றீங்க. அம்மா இங்க தெனமும் கேக்குறாங்க. அவங்களுக்கு முட்டி வலி. இங்க லிஃப்ட் அடிக்கடி நின்னுடுது. அனுப்பவா வேண்டாமா, ஒண்ணு சொல்லுங்க."

"இன்னிக்கே அனுப்புறேன்ம்மா."

ஒரு விஷயத்தை இங்கே விளக்கமாக எழுதிவிடுகிறேன். படத்தின் மேல் ஓரத்தில் வரும் நேர்கோட்டை இந்த லென்ஸ் வில் மாதிரி மேல்நோக்கி வளைக்கும். அங்கே ஏற்கெனவே கீழ்நோக்கி வளைந்த ஒரு பொருள் இருந்தால், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். படத்தில் நேராக வரும். தராசின் இரண்டு தட்டிலும் ஒரே எடை வைத்தால் முள் நடுவில் நிற்பது போல. இது பொதுவான விளக்கம். எந்தப் பொருளைப் பற்றியும் சொல்லவில்லை.

திருத்தாத படம்தான் கேமராவிலிருந்து வந்த அசல். அதில் நான் எதையும் சேர்க்கவில்லை, எதையும் மாற்றவில்லை.

கதவுகள் பார்க்கச் சங்கடமாக இருப்பதால் இரண்டு ஓரமும் வெட்டிவிட்டு, பீம் மட்டும் தெரியும்படி அனுப்பினேன்.

நவம்பர் 13, வியாழன்

வள்ளி காலையிலேயே கூப்பிட்டாள்.

"பாத்தேங்க."

"எப்படி இருக்கு?"

"நேராத்தான் இருக்கு."

"நான்தான் சொன்னேன்ல."

"சொன்னீங்க." பிறகு, "நித்யாவ டிக்கெட் போடச் சொல்லிட்டேன். டிசம்பர் அஞ்சாந்தேதி கிளம்பறேன். சாப்புட்டீங்களா?"

"இட்லி."

"கடையிலயா?"

"நானே ஊத்தினேன்."

"பொய்யி" என்றாள். சிரித்தாள். கடையில் வாங்கியதுதான்.

சாயங்காலம் சப்போட்டா வாங்கினேன். அவள் வருவதற்குள் பழுத்து வீணாகிவிடும் என்பது வாங்கி வந்த பிறகுதான் உறைத்தது.

நவம்பர் 16, ஞாயிறு

துவரம்பருப்பு, உளுந்து, அவளுடைய பிராண்ட் காப்பித்தூள். கிரைண்டரைக் கழுவி ஓட்டிப் பார்த்தேன், ஓடுகிறது. பூச்சி மருந்து அடித்தேன். இந்த ஒன்பது மாதத்தில் நான் சமையலறையில் எடுத்துப் புழங்கிய பாத்திரங்கள் நாலோ ஐந்தோ. மற்றதெல்லாம் அவள் கவிழ்த்த இடத்தில் கவிழ்ந்தபடி. எல்லாவற்றையும் எடுத்துத் தேய்த்தேன்.

குலசிங்கத்துக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

நவம்பர் 19, புதன்

வள்ளியின் கட்டிலைப் பின்அறைக்கு மாற்றினேன். தனியாக இழுத்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. அங்கே காற்று நன்றாக வரும். கொல்லைப்பக்க ஜன்னல் இருக்கிறது.

நவம்பர் 20, வியாழன்

சோபாவையும் சுவரோரம் தள்ளினேன். ஹாலின் நடுப்பகுதி காலியாக இருந்தால் பெருக்க வசதி.

நவம்பர் 23, ஞாயிறு

நித்யா சந்தோஷமாகக் கூப்பிட்டாள். அவள் கணவருக்குப் பத்து நாள் வெளியூர் வேலையாம். அதனால் அவளும் குழந்தையும் அம்மாவோடு வருகிறார்கள்.

"அப்பா, இங்க வீட்ல எடமே இல்ல. கட்டில்ல முட்டுறா, ஃப்ரிட்ஜுல முட்டுறா. நம்ம ஹால்ல ஒரு பாயப் போட்டு விட்டா இந்த ஓரத்துலேர்ந்து அந்த ஓரம் வரைக்கும் நல்லாத் தவழுவா. நடுவுல சாமான் எதாவது இருந்தா எடுத்துருங்கப்பா."

"எடுத்தாச்சும்மா" என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

ஒரு பொருள் நேராக இருக்கிறதா என்று பார்க்க லென்ஸ் வேண்டாம், மென்பொருள் வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். கொத்தனாருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அக்டோபர் ஆறாம் தேதியே இதைச் செய்திருக்கலாம். அலமாரியில் சாக்பீஸ் டப்பா இருக்கிறது, தையல் பெட்டியில் நூல் இருக்கிறது, ஏணியும் இருக்கிறது.

மூன்று சாக்பீஸ்களை ஒரே நீளத்துக்கு உடைத்துத் தேய்த்துக்கொண்டேன். ஒன்றைப் பீமின் இந்த முனையில், ஒன்றை அந்த முனையில் டேப் போட்டு நிறுத்தி, அவற்றின் நுனிகளுக்கு இடையே நூலை விறைப்பாகக் கட்டினேன். பீம் நேராக இருந்தால் மூன்றாவது சாக்பீஸ் நடுவில் பீமுக்கும் நூலுக்கும் இடையே சரியாகப் போய் உட்கார வேண்டும்.

ஏணியை நடுவில் வைத்து ஏறினேன். சாக்பீஸ் போகவில்லை. பாதியாக உடைத்தேன். அதுவும் போகவில்லை. விரலால் நூலைத் தொட்டேன். அது பீமைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் பீமின் அடியில் மயிரிழை போல விரிசல்கள் தெரிகின்றன. மேலே பூசிய வெள்ளைக்குக் கீழே. கீழே நின்றால் தெரியாது.

நவம்பர் 25, செவ்வாய்

ஹால் படத்தை எடுத்து, பட்டியலில் என் லென்ஸின் பெயரைச் சொடுக்கினேன். கதவுகள் நேர், தரை நேர், பீம் எப்படி இருக்கிறதோ அப்படி. எதையும் வெட்டாமல் வள்ளிக்கு அனுப்பினேன். 'இதுதான் சரியான படம். முன்னால் அனுப்பியதை நம்ப வேண்டாம்' என்று எழுதினேன். எழுத்து இரண்டு தடவை தப்பாக விழுந்து திருத்தினேன்.

அரை மணி நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அழைப்பு வந்தது.

"நித்யா குளிக்கிறா. குளிச்சிட்டு வரதுக்குள்ள பேசிறலாம்னு கூப்புட்டேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

"வள்ளி, பீம் எறங்கித்தான் இருக்கு. நேத்து நூல் கட்டிப் பாத்தேன்."

"எனக்குத் தெரியுங்க."

"எப்பலேர்ந்து?"

"ஹால மறைக்க ஒரு திரை தச்சுப் போட்டேனே, பீமுல கம்பி அடிச்சு. மொத வருசம் தரைய ஒட்டி நின்னுச்சு. அப்புறம் நடுவுல மட்டும் துணி தரையில பொரளும், ஓரத்துல பொரளாது. நடுவுல மடிச்சு அடிச்சேன். மறு வருசம் திரும்பவும் பொரண்டுச்சு. திரும்பவும் மடிச்சேன். துணி வளருமாங்க?"

முப்பது வருஷம் அளவீடு சொல்லிக் கொடுத்தவன் வீட்டில், ஒருத்தி ஊசியும் நூலும் வைத்து வருஷா வருஷம் அளந்திருக்கிறாள்.

"அப்ப அன்னிக்குப் படத்தப் பாத்து நேரா இருக்குன்ன?"

"படத்துல நேராத்தான இருந்துச்சு."

"தெரிஞ்சும் டிக்கெட் போடச் சொன்னியா?"

குழாய்ச் சத்தம் கேட்டது. அவள் சமையலறைக்கு நகர்ந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒரு தீப்பெட்டி வாங்கிட்டு வந்தாக்கூட, எந்தக் கட, யாரு நின்னா, மீதி எப்படி வந்துச்சுன்னு ஆதியோட அந்தமா சொல்ற மனுசன் நீங்க. படத்த ரெண்டு பக்கமும் வெட்டி அனுப்பியிருந்தீங்க. பாத்ததுமே பகீர்னுச்சு. வீட்ட விட இவரு நெலமைதான் மோசமா இருக்கு, போயிறணும்னு தோணுச்சு."

"வள்ளி..."

"நான் மட்டும்னா வந்திருப்பேங்க. கொல்லப்பக்கமா ஒரு கட்டிலப் போட்டுக்கிட்டுக் கெடப்போம், என்ன இப்போ. ஆனா புள்ளையும் வருதே. அத எப்படிச் சொல்லி நிறுத்தறதுன்னு ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. நல்லவேள, நீங்களே சொல்லிட்டீங்க."

நித்யாவின் குரல் தூரத்தில் கேட்டது. "யாரும்மா? அப்பாவா?" என்றது. வள்ளி, "ஆமா, வீட்ட மராமத்துப் பண்ணப் போறாராம்" என்றாள்.

நவம்பர் 27, வியாழன்

சவரிமுத்துக் கொத்தனார் ஒரு இன்ஜினியரை அழைத்து வந்தார். இன்ஜினியர் அண்ணாந்து பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "மேல தண்ணித் தொட்டி இருக்கா?" இருக்கிறது. நேர் மேலே. உடனே காலி செய்யச் சொன்னார். பீமுக்கு அடியில் இரும்பு முட்டுகள் கொடுக்க வேண்டும், அப்புறம் இரண்டு தூண் எழுப்ப வேண்டும், தை முடியும் வரை ஹாலில் யாரும் புழங்க வேண்டாம் என்றார்.

சவரிமுத்து பாதி உடைத்த சாக்பீஸைக் கீழே கண்டெடுத்து, "என்ன சார், வீட்லயும் பாடமா?" என்றார்.

"ஆமாய்யா. இந்தத் தடவ ஃபெயில்."

"ஃபெயிலெல்லாம் இல்ல. உக்காந்துக்கிட்டிருக்கும்போது விழல பாருங்க. அது பாஸுதான்."

டிக்கெட்டை நித்யா கேன்சல் செய்துவிட்டாள். "நீங்க இங்க வந்துருங்கப்பா" என்கிறாள். வேலையாட்களை யார் பார்ப்பது?

நவம்பர் 30, ஞாயிறு

குலசிங்கத்துக்கு எழுதினேன். வீட்டுப் படம் என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள், லென்ஸ் சரி, நம் எண்கள் சரி, வீடுதான் வளைந்திருந்தது என்று. இவ்வளவு சுருக்கமாக நான் யாருக்கும் எழுதியதில்லை.

"ஐயோ ஐயா" என்று மட்டும் முதலில் வந்தது. சற்றுக் கழித்து, "கவனமாய் இருங்கோ. தனியவா இருக்கிறீங்கள்?" என்று வந்தது.

ஆம் என்று எழுதினேன்.

டிசம்பர் 6, சனி

ஹாலில் ஆறு முட்டுகள் நிற்கின்றன. இரும்பு, நல்ல கனம். அடியில் பலகை, மேலே பலகை. பின்அறைக்கும் சமையலறைக்கும் நடுவே கொல்லைப்பக்கம் சுற்றித்தான் போகிறேன். இன்று அவர்கள் வந்து இறங்கியிருக்க வேண்டிய நாள். காலையில் அந்த ரயில் வரும் நேரத்துக்கு விழிப்பு வந்துவிட்டது.

வள்ளி ஒரு உத்தரவு போட்டிருக்கிறாள். தினமும் ஹாலை ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். வெட்டக்கூடாது. வேலை எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்கவாம்.

வாசற்படியில் நின்றபடி எடுத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றி லென்ஸ் பெயரைச் சொடுக்கினேன். முட்டுகள் ஆறும் நிமிர்ந்து நின்றன. பீம் அவற்றின் மேல் சாய்ந்து கிடந்தது. அனுப்பினேன். பெரிதாக ஏதாவது சொல்லுவாள், இல்லாவிட்டால் வருத்தமாக ஏதாவது சொல்லுவாள் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பதில் வந்தது: 'வலது கை மூலையில் ஒட்டடை. அடிங்க.'

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தின் ஓரத்துக்கும் ஓரத்தில், இருந்தது.

கொல்லையிலிருந்து ஒட்டடைக் கம்பை எடுத்து வந்தேன். ஹாலுக்குள் போகக்கூடாது. வாசற்படியிலேயே நின்று, கையை நீட்டி, கம்பு முட்டுகளில் படாமல் மெதுவாக அடித்தேன். பிறகு இன்னொரு படம் எடுத்தேன்.